வன்னியிலிருந்து இருள் காதல் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு காதல் கதைகள் எழுதுகிறேன். என் நாயகர்கள் செய்யும் காரியங்களில் பாதி பொலிஸுக்குப் போகவேண்டியவை. நாயகிகளும் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் அம்மம்மாக்களும் சந்திக்கடை ஆட்களும் வந்து சிரிக்க வைப்பார்கள். வாசிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் மறுமொழி எழுதிவைத்தால் நல்லது என்று நினைத்தேன்.

உதாரணத்துக்கு என் லீசிங்காரன் கதையை அடிக்கடி எடுப்பேன். வாசிக்காதவர்களுக்குச் சுருக்கம் இதுதான். அவன் தவணை கட்டாத வாகனங்களைச் சீஸ் பண்ணிக் கொண்டுபோகிற வேலை பார்க்கிறவன். அவள் விசுவமடுப் பக்கம் தையல் கடை வைத்துக்கொண்டு சீட்டும் பிடிக்கிறவள். அவளுடைய தம்பியின் ஓட்டோவை அவன் தூக்கிக்கொண்டு போகிறான். அதை மீட்பதற்காக 12 பெண்களின் சீட்டுக் காசில் அவள் கை வைக்கிறாள். அது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

இருள் காதல் கதை என்றால் என்ன?

ஆங்கிலத்தில் டார்க் ரொமான்ஸ் என்று விற்கிறார்கள். தமிழில் தொடர்கதை வாசிக்கிறவர்கள் ஆன்டி ஹீரோ கதை என்றால் உடனே விளங்கிக்கொள்வார்கள். கதையின் நடுவில் இருப்பது காதல். கடைசியில் இருவரும் சேர்வார்கள், அல்லது சேரும் வழியாவது திறந்திருக்கும். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் பாதையில் பழிவாங்கல், மிரட்டல், பொய், குற்றம், ஒருவரை விடமுடியாத வெறி என்று ஏதாவது கிடக்கும். பயமுறுத்துவதே வேலையாக இருந்தால் அது பேய்க்கதை. இருவரும் அழிந்துபோனால் அது துன்பியல். இருட்டுக்குள் போய் இரண்டு பேரையும் வெளியே கொண்டுவரவேண்டும் என்பதுதான் இந்த வகையின் கடினமான பகுதி.

இது வெளிநாட்டுச் சரக்குத்தானே? எங்களுக்கு ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தமிழ் படித்தவர்கள் என்பதால் தொல்காப்பியத்தில் இருந்தே தொடங்குகிறேன். அன்பின் ஐந்திணைக்கு வெளியே இரண்டு திணைகளைத் தொல்காப்பியர் வைத்தார். ஒருபக்கக் காதல் கைக்கிளை. பொருந்தாக் காதல் பெருந்திணை. அந்தப் பெருந்திணைக்குள் அவர் சொன்ன நான்கையும் பாருங்கள்: மடல் ஏறிவிடுவது, இளமை கழிந்த பிறகு வரும் காமம், தெளிவு கெட்டுப்போகும் அளவுக்கு மிஞ்சிய காமம், காமம் மிகுந்து வலிமையைக் காட்டுவது. இன்றைக்கு இணையத்தில் ஓடும் இருள் காதல் கதைகளில் முக்கால்வாசி இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

மடலேறுதலை மட்டும் எடுத்துக்கொண்டால் கூடப் போதும். பனங்கருக்கில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, ஊர்த்தெருவில் அந்தக் குதிரையில் வந்து, "இந்தப் பெண் எனக்கு வேண்டும்" என்று ஊரையே நெருக்கிப் பிடிப்பது. பனங்கருக்கு காலில் கீறினால் எப்படி எரியும் என்று எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். தன் உடம்பையே பணயம் வைத்து அவளையும் அவள் வீட்டையும் வெட்கப்படுத்துகிற ஆள் அவன். நல்லவனா? இல்லை. காதல் இல்லாதவனா? அதுவும் இல்லை. இதில் நான் எப்போதும் வியக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. மடல் ஏறுவேன் என்று தலைவன் சொல்வதோடு நிற்கிற வரையும் அது ஐந்திணைக்குள் அடங்கும். உண்மையில் ஏறிவிட்டால் பெருந்திணை. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் அவர்கள் போட்ட கோடு அது. இன்றைக்கும் இந்த வகைக் கதையை எழுதுகிறவர் ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

அடுத்தது முல்லைத்தீவில் உள்ள வற்றாப்பளை அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்குச் சனம் சனமாகப் போகிறோம். கடல் நீரில் விளக்கு எரிகிற அந்தக் கோயிலில் இருப்பவள் யார்? கோவலனுடைய மனைவி கண்ணகி. மதுரையை எரித்துவிட்டு வந்து, நந்திக்கடல் பக்கம் கிழவியாக உட்கார்ந்து, மாடு மேய்க்கும் பிள்ளைகளிடம் பேன் பார்க்கச் சொன்னாள் என்றும், அவர்கள் தலைமயிரை விலக்கிப் பார்த்தபோது தலை முழுக்கக் கண்ணாக இருந்தது என்றும் ஊரில் கதை சொல்வார்கள். அந்தக் கோவலனைச் சிலப்பதிகாரம் எப்படிக் காட்டுகிறது? மனைவியை விட்டுப் போனவன், செல்வத்தைத் தொலைத்தவன். அதே ஆளை, அந்தக் காப்பியத்தில் வரும் மாடலன் என்ற மறையவன் "கருணை மறவ" என்று கூப்பிடுகிறான். யானையின் பிடியில் இருந்து ஒரு கிழவரை மீட்டவன் என்று சொல்கிறான். கண்ணகியோ நீதி கேட்ட கையாலேயே ஒரு நகரத்தைக் கொளுத்துகிறாள். முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடும்போது விடிய விடிய இருந்து பார்க்கிற சனம் நாங்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த ஆட்களை எங்களுக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

சாம்பல்நிறப் பாத்திரம் என்பது கெட்டவனுக்கு ஒரு சோகக் கதை கொடுப்பதுதானா?

இல்லை. நான் வாசிக்கும் புதுக் கதைகளில் அடிக்கடி காணும் பிழை இது. முதல் பத்து அத்தியாயத்தில் அவன் எல்லோரையும் நசுக்குகிறான். பதினோராவது அத்தியாயத்தில் சின்ன வயதில் அம்மா விட்டுப்போன கதை வருகிறது. உடனே நாயகி அழுது அவனைக் கட்டிப்பிடிக்கிறாள். நடந்ததற்குக் காரணம் சொன்னதும் கணக்கு முடிந்துவிட்டதாக எழுதியவர் நினைக்கிறார். காரணம் தெரிந்தால் எங்களுக்கு ஆள் விளங்கும், அவ்வளவுதான். ஓட்டோவை இழந்த தம்பிக்கு அந்தக் காரணத்தால் ஒரு சதமும் வராது.

நான் பார்ப்பது வேறு. அவன் செய்த கெடுதல் யார் வீட்டு அடுப்பில் போய் முடிந்தது என்று கதை திரும்பிப் பார்க்கிறதா? என் லீசிங்காரன் அவளுடைய இரகசியத்தைப் பிடித்துக்கொண்டு, ஊரில் யார் யார் வாகனத்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று அவளையே சொல்ல வைக்கிறான். அவளும் சொல்கிறாள். வைக்கோலுக்குள் மூடி வைத்திருந்த ஒரு லாண்ட் மாஸ்டர், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரம், அப்படித்தான் போகிறது. அந்த வீட்டுக்காரர் அந்தப் போகம் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கூலிக்குப் போகிறார். அந்த மனிதரை நான் கதையில் மூன்று தடவை காட்டினேன். மூன்றாவது தடவை அவர் இவளுடைய கடைக்கே வந்து கிழிந்த சேட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டு, எவ்வளவு பிள்ளை என்று கேட்கிறார். எழுத்தில் எனக்கு அதிக நாள் எடுத்த பக்கம் அதுதான்.

மாஃபியா தலைவனை வன்னிக்குக் கொண்டுவரலாமா?

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். கறுப்புக் கோட்டு, கண்ணாடி மாளிகை, கையில் துப்பாக்கி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உவன் மத்தியானம் என்னத்தைச் சாப்பிடுறவன் பிள்ளை?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கதையை அதோடு நிறுத்தினேன்.

வன்னியில் இருட்டுக்குப் பஞ்சம் இல்லை, அதற்கு வேறு உடுப்பு. ஒரு பெர்மிட்டைக் காட்டி நாலு லோட் மணல் ஏற்றுகிற டிப்பர்காரன். காட்டுக்குள் முதிரை மரத்தையும் பாலை மரத்தையும் இரவில் விழுத்திவிட்டுக் காலையில் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்கிறவன். பழைய இடிபாடுகளில் புதையல் தோண்டுகிற கூட்டத்துக்கு வழிகாட்டுகிறவன். அது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்றும் அவனுக்குத் தெரியும். கிழமைக்கு ஒருநாள் வந்து முற்றத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, காசு வரும்வரை எழும்பாமல் இருக்கிற நுண்கடன்காரன். இவர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார், கட்டாத கடன் இருக்கிறது, ஊரில் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது.

மணல்காரன் ஆறு தின்கிறவன் என்று ஊர் திட்டும். அதே ஊரில் வீட்டுத்திட்டம் கிடைத்த பெண் அத்திவாரத்தோடு வேலை நின்றுபோய், அரைவிலைக்கு மணல் தருகிறவனைத்தான் தேடுவாள். அவனுடைய டிப்பர் போய்ப் போய்க் குழியான கிரவல் ரோட்டில் அவளுடைய மகள் சைக்கிளோடு விழுவாள். இந்த மூன்றும் ஒரே கதைக்குள் வந்தால் உங்களுக்கு ஒரு சாம்பல்நிற நாயகன் கிடைத்துவிட்டான். துப்பாக்கி தேவைப்படாது.

கடத்திக்கொண்டுபோய்க் காதலிக்கிற கதைகள் வெளியே நன்றாக ஓடுகின்றனவே, நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் தேதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கையில் பிள்ளையின் படம், கணவனின் படம். வருடங்கள் ஓடிவிட்டன. அங்கே இருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள்.

அந்தத் தாய்மாரின் பேத்திகள் என் வாசகர்கள். ஒருவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோவது அவர்களுக்குச் சுவையான கற்பனை ஆகாது. வேறு ஊரில், வேறு மொழியில் ஒரு பெண் அந்தக் காட்சியை வாசித்து மனம் இலேசாகலாம். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். இங்கே அந்தச் சொல்லுக்கு ஆட்களின் பெயர் ஒட்டியிருக்கிறது. அதனால் என் கதைகளில் கடத்தல் வந்தால் அது குற்றமாகத்தான் வரும்; செய்தவன் நாயகனாக இருக்கமாட்டான்.

முன்னாள் போராளியை நாயகனாக எழுதுவீர்களா?

எழுதலாம். ஆனால் அவருடைய கடந்தகாலத்தை நாயகனுக்கு ஒரு மிரட்டல் தோற்றம் கொடுக்கும் அலங்காரமாகப் பாவிக்கமாட்டேன். ஓட்டோ ஓடுகிறவராக, காலில் கட்டையோடு வயலுக்குப் போகிறவராக, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வருகிறவராக அவர் எங்களுக்குள் இருக்கிறார். அந்த மனிதரை எழுதத் தெரிந்தபிறகுதான் தொடவேண்டும். எனக்கு இன்னும் வரவில்லை.

இவ்வளவு இருட்டுக்குள் பகிடி எப்படி வரும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மறுமொழி கொஞ்சம் நீளும்.

உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டைச் சொல்லும்போது நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதலில் வைத்தார். அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி எல்லாம் அதற்குப் பின்னால். நகை பிறக்கும் இடம் நான்கு என்றும் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் இருள் காதல் கதைக்கு உயிர் கொடுப்பது எள்ளல். யார் யாரை எள்ளலாம் என்பது ஒரு வீட்டில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை அப்படியே காட்டிவிடும். பயந்திருக்கிற பெண் அவன் முன்னால் பகிடி விடமாட்டாள். அவன் விடுகிற பகிடிக்குச் சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பு வேறு. ஆகவே ஒரு கதையை வாசிக்கும்போது நான் ஒன்றைக் கவனிப்பேன்: அவள் அவனைப் பார்த்து எப்போது முதல்தடவை நக்கல் அடிக்கிறாள்? அடித்ததும் அவன் என்ன செய்கிறான்? கோபப்பட்டு அடக்கினால் அவன் இன்னும் காதலனாகவில்லை. நாற்பதாவது அத்தியாயத்திலும் அவள் ஒரு பகிடி விடவில்லை என்றால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

என் கதையில் அந்த இடம் வெள்ள முகாமில் வருகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காதல் கதைகளில் பகைவர் இருவரை ஒரே அறைக்குள் அடைத்துவைப்பது பழைய உத்தி. மற்ற இடங்களில் அது பனி கொட்டும் மலைவீடாக இருக்கும், ஒரே ஒரு கட்டில் இருக்கும். எங்கள் ஊரில் அது பள்ளிக்கூட வகுப்பறை. நாற்பது பேர், நாலு ஆடு, ஈரத் தறப்பாள். அவனுடைய பாய் ஒருபக்கம், அவளுடைய பாய் மறுபக்கம், நடுவில் அவளுடைய அம்மம்மா. விளக்கை அணைத்தபிறகு இப்படிப் போகிறது:

"தம்பி, நீர்தானே எங்கட பெடியன்ரை ஓட்டோவைக் கொண்டுபோன பிள்ளை?"

"ஓம் அம்மம்மா."

"நல்லகாலம். இஞ்சை நிண்டிருந்தா வெள்ளம் கொண்டுபோயிருக்கும். உங்கட யார்டிலை பத்திரமா நிக்குதென்ன?"

"யார்டும் தாண்டுபோச்சுது அம்மம்மா."

"அப்ப எங்களுக்கும் இல்லை, உமக்கும் இல்லை. படும்."

இருட்டுக்குள் அவள் சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்கமுடியாமல் சிரிக்கிறாள். இவ்வளவு நாளும் தன் முன்னால் குனிந்த தலையை மட்டும் பார்த்திருந்தவன் முதல்தடவை அந்தச் சத்தத்தைக் கேட்கிறான். தன் தொழிலில் யாருக்கும் பயப்படாதவன், அன்று இரவு நித்திரை வராமல் கிடக்கிறான். அவளுக்கு ஒரு பயம் விட்டுப்போயிற்று என்று அவனுக்கு விளங்கிவிட்டது. கதை அந்த இடத்தில்தான் திரும்புகிறது.

எதைப் பகிடி ஆக்கக்கூடாது?

ஒருவருடைய காலை, கையை. எங்கள் ஊரில் ஊன்றுகோல் இல்லாத ஒழுங்கை இல்லை. தனித்த பெண்ணை. சாதியை, நிறத்தை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேச்சை. அவர்களும் இந்த மண்ணின் ஆட்கள்தான். வேலைக்காரப் பாத்திரம் ஒன்றை வைத்து அவருடைய பேச்சைக் கோணலாக்கிச் சிரிக்க வைக்கும் பழக்கத்தை நாங்கள் படங்களில் இருந்து எடுத்துக்கொண்டோம், அது போகட்டும். பலமுள்ளவனைப் பார்த்துச் சிரியுங்கள். அதிகாரியின் வாகனம் சேற்றில் புதைகிறபோது ஊர் சேர்ந்து நின்று பார்க்கிறதே, அந்தச் சிரிப்பில் ஒரு தொடர்கதைக்கான ஊட்டம் இருக்கிறது.

நாயகியும் பிழை செய்யலாமா? வாசகர்கள் வெறுத்துவிட மாட்டார்களா?

வெறுத்தவர்கள் இருக்கிறார்கள். சீட்டுக் காசை எடுத்ததை மன்னிக்கவே முடியாது என்று ஒரு அக்கா எனக்கு நீளமாகக் குரல் பதிவு அனுப்பினார். அவருடைய கோபம் நியாயம். அந்த 12 பேரில் ஒருத்தி அந்தக் காசை நம்பி மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப இருந்தவள்.

ஆனாலும் நான் அவளை அப்படித்தான் எழுதுவேன். பால் மாதிரி வெள்ளையான பெண்ணைக் கறுத்த ஆணோடு சேர்த்து வைத்தால், அவனைத் திருத்துவதுதான் அவளுடைய முழுநேர வேலையாகிவிடும். போருக்குப் பிறகு எத்தனையோ வீடுகளைப் பெண்கள் தனியே தூக்கி நிறுத்தினார்கள். அதில் நகையை அடைவு வைத்தார்கள், ஒரு கடனை வாங்கி இன்னொரு கடனைக் கட்டினார்கள், சில இடங்களில் பொய்யும் சொன்னார்கள். அவர்களைத் தெய்வமாக்கினால் அவர்கள் கதையில் இருந்து காணாமல் போய்விடுவார்கள். பிழை செய்யவும், அதற்காக ஒரு ஆண் மாதிரியே நேருக்கு நேர் நின்று கணக்குக் கொடுக்கவும் அவளுக்கு இடம் வேண்டும்.

இது புதிதும் இல்லை. 1973இல் வந்த அ. பாலமனோகரனின் நிலக்கிளி தண்ணிமுறிப்பில் நடக்கும் கதை. அதில் காட்டோரத்து இளம் மனைவி ஒருத்திக்கு நேரும் பிழையை அவர் கல் எறியாமல், கண்ணை மூடிக்கொள்ளாமல் எழுதினார். வன்னியைப் பற்றிக் காதல் கதை எழுத வருகிறவர்கள் அதை ஒருதடவை வாசிக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

சம்மதத்தைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது? கதை நின்றுவிடாதா?

நிற்காது. அவள் வேண்டாம் என்று சொன்னால் அவன் கை விலகும். அவனுடைய மற்ற எல்லாக் கெட்டகுணமும் அப்படியே இருக்கலாம், இந்த ஒன்றில் மட்டும் விலகவேண்டும். வெள்ள முகாமுக்குப் பிறகு அவன் அவளுடைய கடைக்கு வந்து வாசலுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமோ?" என்று கேட்கிறான். முன்பு கேட்காமல் வந்து மேசைமேல் ஹெல்மட்டை வைத்தவன் அவன். அவள் தலையை நிமிர்த்தாமல், "இண்டைக்கு வேண்டாம்" என்கிறாள். அவன் போய்விடுகிறான். வாசகிகள் அதிகம் பேசிய காட்சி அது. இரண்டு பேரும் தொடக்கூட இல்லை.

வயது விடயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. பொதுச் சட்டப்படி இலங்கையில் திருமண வயது 18. என் கதைகளில் இருவரும் 20ஐத் தாண்டியவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை நாயகியாக வைத்து இந்த வகையில் எழுதுவது எந்தக் காரணத்தாலும் சரியில்லை.

தொடக்கத்தில் எச்சரிக்கை போடவேண்டுமா?

போடுங்கள். இரண்டு வரி போதும்: "இதில் மிரட்டல், கடன் தொல்லை, தற்கொலை பற்றிய பேச்சு வருகின்றன. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு." கதையின் திருப்பம் கெட்டுப்போகும் என்று சிலர் தயங்குகிறார்கள். போரில் செல் குண்டுச் சத்தத்தில் வளர்ந்த ஒருவர் பஸ்ஸில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று குண்டுவீச்சுக் காட்சிக்குள் தள்ளப்படுவது அதைவிடப் பெரிய கேடு. அவருக்கு எந்த அத்தியாயத்தைத் தாண்டலாம் என்று தெரிந்திருக்கட்டும்.

என் மகள் இப்படிக் கதைகள் வாசிக்கிறாள். பயமாக இருக்கிறது.

அம்மா, முதலில் அவளுடைய வயதைப் பாருங்கள். 18க்குக் கீழே என்றால் இவை அவளுக்கு இல்லை, என் கதைகளும் இல்லை. அதற்கு மேலே என்றால், அவளுக்கு எந்தப் பாத்திரம் பிடித்திருக்கிறது என்று கேட்டு, கூட இருந்து கதையுங்கள். பறிக்காதீர்கள்; பறித்தால் போனை ஒளித்து வாசிப்பாள்.

கதையில் ஒருவன் இரவு முழுக்க அவளுடைய வீட்டு வேலிக்கு வெளியே நின்றால் வாசகிக்கு அவனுடைய மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும், நான்தான் எழுதிக் காட்டுகிறேனே. உண்மையில் வேலிக்கு வெளியே நிற்கிறவனுடைய மனம் யாருக்கும் தெரியாது. அவன் காதலன் இல்லை. போனைப் பறித்துப் பார்க்கிறவன், நண்பிகளோடு கதைக்க விடாதவன், அடித்துவிட்டு அழுகிறவன், இவர்களை நாயகன் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். இலங்கையில் 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான உதவித் தொலைபேசி. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 12 மாதம்வரை கொடுப்பார்கள். ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் இதை நான் போடுகிறேன்.

வன்னிப் பேச்சில் எழுதினால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளங்குமா?

விளங்குகிறது. கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில், உரையாடல் எங்கள் பேச்சில். முதல் இரண்டு அத்தியாயத்தில் கொஞ்சம் தடக்குவார்கள், அப்புறம் பழகிவிடும். எரிச்சலில் எங்கள் வாயில் வரும் திட்டுச்சொல்லான "கோதாரி" என்றால் என்ன என்று மதுரையில் இருந்து ஒருவர் கேட்டார். இரண்டு கிழமை கழித்து அவரே அதை வைத்து என்னைத் திட்டி எழுதினார்.

கடைசியில் அவன் திருந்தவேண்டுமா?

காதலி கிடைத்ததும் ஒரே இரவில் திருந்துகிறவனை நான் நம்புவதில்லை. அவன் விலை கொடுக்கவேண்டும், அந்த விலை அவனுக்கு வலிக்கவேண்டும். என் லீசிங்காரன் வேலையை விட்டான். அது பெரிய தியாகம் இல்லை, அவனுக்கு வேறு வேலை கிடைக்கும். பிறகு தன் மோட்டார் சைக்கிளை விற்றான். அந்த லாண்ட் மாஸ்டர்காரரின் வீட்டுக்குப் போய் அவருடைய வயலில் ஒரு போகம் முழுக்கக் கூலி வாங்காமல் நின்றான். அவர் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கதை முடியும்வரை சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும், "கை கழுவு" என்று ஒருநாள் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்விக்கும் எனக்கு அப்போதுதான் மறுமொழி கிடைத்தது: குத்தரிசிச் சோறு, கீரை, கருவாட்டுக் குழம்பு.

அவள் 12 பெண்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச்சொல்லி, நடந்ததைத் தன் வாயால் சொல்லி, மாதாமாதம் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறாள். நாலு பேர் அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி வந்து கன்னத்தில் அறைந்தாள். அந்த அறையை எடுத்துவிடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். எடுக்கமாட்டேன்.

இரண்டாம் பாகம் வருமா? அவர்களுடைய கலியாணத்தைக் காட்டவே இல்லையே!

வராது. கடைசிக் காட்சியில் அவளுக்கு இன்னும் ஏழு பேருக்குக் காசு கொடுக்க இருக்கிறது, அவன் வயலில் இருந்து சேற்றுக்காலோடு வருகிறான். அம்மம்மா திண்ணையில் இருந்து, "தம்பி, சைக்கிளும் இல்லை, வேலையும் இல்லை, உம்மை இனி ஆர் வந்து சீஸ் பண்ணுறது?" என்று கேட்கிறார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "நான்தான்" என்கிறாள். வாசிக்கிறவர்கள் கலியாணத்தை அவரவர் ஊர்க் கோயிலில் வைத்துக்கொள்ளலாம்.